ஃபிட்டுக்குப் பிறகு எது? ரொறன்ரோ ஸ்னோவுக்கு ஓல்-வீல் குடும்ப வேகன் வாங்குவது பற்றி

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். வீடு ஸ்காபுறோவில். இப்போது இருப்பது 2012 ஹொண்டா ஃபிட். மூன்று வயதில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று என இரண்டு பிள்ளைகள். கூடவே முழங்கால் நோவுள்ள அம்மம்மா. அடிக்கடி ஒட்டாவாவுக்கும் மொன்றியாலுக்கும் ஓட்டம். வரி உட்பட 28,000 டொலருக்குள் பாவித்த ஓல்-வீல் (நாலு சில்லும் இழுக்கும்) வேகன் ஒன்று வேண்டும். சுபாரு அவுட்பேக், சுபாரு கிராஸ்ரெக், ரொயோட்டா ராவ் 4, வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஆல்ட்ராக், வொல்வோ வி60 கிராஸ் கன்ட்ரி இவற்றில் எது நல்லது?

என் பதில்: 2.5 லீற்றர் எஞ்சின் உள்ள அவுட்பேக். சர்வீஸ் பதிவு முழுமையாக இருக்கிற 2018, 2019 கார், அல்லது விலை படிந்தால் 2020, 2021 கார். ஆனால் 28,000ஐயும் காருக்கே கொட்டக்கூடாது. வரியோடு 25,500க்குள் காரை முடித்து, மிச்சத்தை விண்டர் ரயருக்கும் முதல் வருட ஒயில் வேலைகளுக்கும் வையுங்கள். ரயருக்குக் காசு மிஞ்சாமல் விலை கூடிய மொடல் எடுத்தவரைவிட, பழைய மொடலில் நல்ல ரயர் போட்டவர்தான் ஜனவரியில் நிம்மதியாக ஓடுவார்.

ஏன் ரயரில் தொடங்குகிறேன் என்றால், ஓல்-வீல் பற்றி நம்மவர்களிடம் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போதும், ஸ்னோ மூடிய ஏற்றத்தில் ஏறும்போதும், நகரசபையின் ஸ்னோ தள்ளும் வண்டி வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போன கட்டியைத் தாண்டும்போதும் நாலு சில்லும் இழுப்பது பெரிய உதவி. பிரேக் அடித்தால் கதை வேறு. எந்தக் காருக்கும் நாலு சில்லிலும்தான் பிரேக் இருக்கிறது. நிற்கும் தூரத்தை ஓல்-வீல் ஒரு அடிகூடக் குறைக்காது. சொல்லப்போனால், கிளம்பும்போது சறுக்காத கார், வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பதை ஓட்டுபவருக்குக் காட்டாமல் மறைத்துவிடும். சாதாரண ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. மலையும் பனித்துகளும் சேர்ந்த அடையாளம் பொறித்த விண்டர் ரயரின் இறப்பர் அந்தக் குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். கியூபெக் பதிவுள்ள கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் காப்புறுதியில் கழிவு தரவேண்டும் என்பது 2016 தொடக்கம் விதி. கேட்டால்தான் பலர் கழிப்பார்கள்.

அவுட்பேக்குக்கு வரும் அளவு இரண்டு: 225/65ஆர்17 அல்லது 225/60ஆர்18. விண்டருக்கு 17 அங்குலச் செற்றை எடுங்கள். விலையும் குறைவு, பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் பள்ளத்தில் விழுந்தாலும் றிம் தப்பும். 18 அங்குலத்தோடு வந்த காருக்கு 17 பொருந்துமா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். றிம்மோடு சேர்த்து 1,200 முதல் 1,600 டொலர் வரை போகும். பாவித்த றிம் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 2015இலிருந்து அவுட்பேக்கின் சில்லு நட்டு அமைப்பு 5க்கு 114.3, அதாவது ஐந்து நட்டு, அவை அமையும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர். 2014 வரை அது 5க்கு 100. பழைய அவுட்பேக்கின் றிம்மை யாராவது மலிவாகத் தந்தாலும் அது ஏறாது.

அடுத்தது இடம். ஃபிட்டை லேசாக எடைபோடாதீர்கள். உங்கள் தலைமுறை ஃபிட்டின் டிக்கி, பின் சீற் நிமிர்ந்திருக்கையில் 20.6 கன அடி, அதாவது ஏறக்குறைய 583 லீற்றர். பின்சீற்றின் அடிப்பகுதியை மேலே மடித்து உயரமான சாமானை நிறுத்தி வைக்கும் வசதி வேறு இருக்கிறது. 2018 முதல் 2023 வரையான கிராஸ்ரெக்கின் டிக்கி 20.8 கன அடிதான். பார்க்க ஜீப் மாதிரி இருக்கிறதே என்று கிராஸ்ரெக்குக்கு மாறினால், தள்ளுவண்டி வைக்கும் இடம் ஒரு விரல்கூடக் கூடாது. இந்தக் காரணத்தால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். 2015 முதல் 2019 வரையான அவுட்பேக்கில் 35.5 கன அடி, ஏறக்குறைய 1,000 லீற்றர். 2020 தலைமுறையில் அளவு 32.5 என்று குறைவாகப் போட்டிருப்பார்கள். பாவிப்பில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இலக்கத்தைவிட டிக்கித் தரையின் நீளத்தைப் பாருங்கள். கடைக்குப் போகும்போது தள்ளுவண்டியையும், அம்மம்மாவுக்கு நடைச்சட்டம் இருந்தால் அதையும் கொண்டுபோய் டிக்கியில் வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைகளின் சீற்றுக்கு முக்கியம் பின்வரிசைக் கால் இடம். ஃபிட்டில் அது 34.5 அங்குலம். 2018 அவுட்பேக்கில் 38.1, 2020இல் 39.5. பின்னோக்கி வைக்கும் குழந்தைச் சீற்றை முன்பயணியின் சீற்றுக்குப் பின்னால் பொருத்தினால், இந்த நாலைந்து அங்குலம்தான் முன்னால் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். சீற்றைக் கொழுவும் கீழ்க்கொக்கிகள் இரண்டு ஓரங்களிலும் உண்டு. நடுவில் வைப்பதென்றால் பெல்ற்றால்தான் கட்டவேண்டும். இரண்டு ஓரத்திலும் பிள்ளைச் சீற் வைத்தபின் நடுவில் ஒரு பெரியவர் இருந்து ஒட்டாவா வரை போவது கஷ்டம். ஆகவே அம்மம்மாவுக்கு முன்சீற், அம்மாவோ அப்பாவோ நடுவில் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். அமெரிக்காவிலோ லண்டனிலோ உள்ள சொந்தக்காரர் அனுப்பிய சீற் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இங்கே பாவிக்க முடியாது; மேப்பிள் இலை வடிவில் கனடாவின் பாதுகாப்பு முத்திரை அதில் ஒட்டியிருக்கவேண்டும்.

அம்மம்மாவின் முழங்கால் விசயத்தில் அவுட்பேக் நடுத்தரம். நிலத்திலிருந்து அடிப்பாகம் வரை 220 மில்லிமீற்றர் இருந்தாலும், சீற் எஸ்யூவி அளவு உயரமில்லை. ஃபிட்டில் குனிந்து விழுவதுபோல் இருக்காது, அவ்வளவுதான். ஏறி இறங்குவதே பெரும் பிரச்சினை என்றால் 2019க்குப் பிந்திய சுபாரு ஃபொறெஸ்ரரையும் ஒருமுறை அவரை ஏற்றிப் பாருங்கள். கதவு அகலம், கூரை உயரம். அவருக்கு அது பிடித்தால் என் விருப்பத்தை விட்டுவிட்டு ஃபொறெஸ்ரரையே எடுங்கள். ஓல்-வீல் அமைப்பும் பராமரிப்பும் பெரும்பாலும் ஒன்றுதான்.

மற்றவற்றை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன்?

ராவ் 4 நல்ல கார், டிக்கி 37.5 கன அடி. ஆனால் ரொறன்ரோப் பகுதியில் அதிகம் களவு போகும் கார்களில் அதுவும் ஒன்று. சில காப்புறுதி நிறுவனங்கள் மேலதிகக் கட்டணம் போடுகின்றன, அல்லது கண்காணிப்புக் கருவி பொருத்தச் சொல்கின்றன. 2019இல் தொடங்கிய தலைமுறையின் ஹைபிரிட்டில் பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்த வயரின் இணைப்பு, வீதி உப்பு பட்டு அரித்த சம்பவங்கள் கனடாவில் நிறைய. அதனால் ரொயோட்டா அந்தப் பாகத்துக்கு உத்தரவாதத்தை நீட்டியது. ஹைபிரிட் வாங்குவதென்றால் காரின் தனி அடையாள எண்ணான வின் இலக்கத்தைக் கொடுத்து, அந்த வயர் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் காசு கட்டவேண்டாம்.

கோல்ஃப் ஆல்ட்ராக் ஓட்டுவதற்கு இவை எல்லாவற்றிலும் இனிமை. இங்கே 2017 முதல் 2019 வரைதான் விற்றது. பின்வரிசைக் கால் இடம் 35.6 அங்குலம், ஃபிட்டைவிட ஒரு அங்குலம்தான் கூட. டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டிக்கு ஏறக்குறைய 64,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலும் வடிகட்டியும், பின்சில்லுகளுக்கு வலு அனுப்பும் ஹால்டெக்ஸ் கிளச்சுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒயிலும் மாற்றவேண்டும். முந்தைய சொந்தக்காரர் ஹால்டெக்ஸைத் தொட்டிருக்கவே மாட்டார். அதன் பம்பின் சல்லடை அடைத்துக்கொண்டால் கார் சத்தமில்லாமல் முன்சில்லு மட்டும் இழுக்கும் காராகிவிடும், டாஷ்போர்டில் விளக்கும் எரியாமல் போகலாம். தண்ணிப் பம்பும் தெர்மோஸ்ராற் கூடும் சேர்ந்த பிளாஸ்ரிக் பாகம் ஒழுகுவதும் இந்த எஞ்சினில் வழக்கம்.

வொல்வோ வி60 அழகு. பிரீமியம் பெற்றோல் கேட்கும், உத்தரவாதம் முடிந்தபின் உதிரிப்பாக விலை கையைச் சுடும். உங்கள் பட்ஜெட்டில் வருவது கிலோமீற்றர் கூடியதாக இருக்கும். வேண்டாம்.

இனி அவுட்பேக்குக்குள். 2012 வரையான 2.5இல் ஹெட் காஸ்கெற் (எஞ்சின் பாகங்களுக்கு இடையிலான அடைப்புத் தகடு) பிரச்சினை பேர் போனது. 2013இல் செயின் உள்ள புது எஞ்சின் வந்தது. அதன் ஆரம்ப வருடங்களில் சில கார்கள் ஒயில் குடித்தன. 2015இல் உடல் மாறியது, 2018இல் சத்தம் குறைத்துத் திருத்தினார்கள், 2020இல் புதுத் தலைமுறையும் நேரடியாக எரிபொருள் பீச்சும் 182 குதிரைவலு 2.5உம் வந்தன. 2026இல் அவுட்பேக் பெட்டி வடிவ எஸ்யூவியாகிவிட்டதால், உண்மையான வேகன் உடல் 2025 மொடலோடு முடிந்தது. 2019 வரை வந்த 3.6 ஆறு சிலிண்டர் நெடுஞ்சாலையில் சுகம், ஆனால் நகரத்தில் 100 கிலோமீற்றருக்கு 12 லீற்றர் அளவில் குடிக்கும். 2020இலிருந்து வரும், 2.4 டேர்போ எஞ்சின் உள்ள எக்ஸ்ரி வகை வேகம். கூரையில் பெட்டி, பின்னால் ட்ரெய்லர் என்று இழுப்பவர்களுக்குப் பொருந்தும். உங்களுக்கு 2.5 போதும்: கூட்டுச் சராசரி 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றரைச் சற்றுத் தாண்டும். பெற்றோல் தாங்கி 70 லீற்றர். கோடையில் ஒரு தாங்கியோடு ஒட்டாவா போய்த் திரும்பிவிடலாம்; மார்கழியில் அதை நம்பிப் புறப்படக்கூடாது.

வாங்குமுன் பார்க்கவேண்டியது பல. முதல் வேலை, எஞ்சின் குளிராக இருக்கும்போது பார்ப்பது. நீங்கள் வருமுன் ஸ்ரார்ட் பண்ணி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனற்றில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் காலையில் வாருங்கள். குளிரில் எடுத்ததும் பிரேக்கை மிதித்தபடி றிவேர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றுங்கள். கியர் பிடிக்க ஒரு வினாடிக்கு மேல் தயங்கி, பிறகு 'டக்' என்று இடித்தால் சிவிரி என்ற படியில்லாத ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டியில் ஒயிலைப் பங்கிடும் வால்வ் பொடியைச் சந்தேகிக்கவேண்டும். பிறகு 20 முதல் 40 கிலோமீற்றர் வேகத்தில் அக்சிலறேற்றரை மெல்ல மட்டும் மிதித்து ஓட்டுங்கள். கரடுமுரடான கோட்டில் சில்லு ஓடுவதுபோல் நடுக்கம் வந்தால் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் டோர்க் கொன்வேர்ட்டர் தேய்கிறது. இரண்டும் ஆயிரக் கணக்கில் வரும் வேலை. விலை பேசிக் குறைக்கப் பார்க்காமல் காரை விட்டுவிடுவதே மேல்.

அடுத்து காலியான பார்க்கிங்கில் ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுதாக முறித்து மெல்லச் சுற்றுங்கள். யாரோ பிரேக்கைப் பிடித்து விடுவதுபோல் கார் விக்கி விக்கிப் போனால், பின்சில்லுகளுக்கு வலு அனுப்பும் கிளச் இறுகிப்போயிருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் காரணம் ரயர்தான். சுபாருவின் கிளச் எப்போதும் ஓரளவு பிணைந்தே இருக்கும். நாலு ரயரும் ஒரே சுற்றளவில் இல்லையென்றால், நேர்வீதியில் போகும்போதும் அது ஓயாமல் வழுக்கிச் சூடேறும். கொம்பனி அனுமதிப்பது சுற்றளவில் கால் அங்குலம், 6.4 மில்லிமீற்றர். தவாளிப்பின் ஆழத்தில் அது ஒரு மில்லிமீற்றர் அளவுதான்! ஐந்து டொலர் ஆழமானி ஒன்றை வாங்கி நாலு ரயரிலும் குத்திப் பாருங்கள். மூன்றில் 5 மில்லிமீற்றர், ஒன்றில் 8 என்று வந்தால், ஆணி குத்தியதும் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எத்தனை கிலோமீற்றர் அப்படி ஓடியது என்று கேளுங்கள். நாளைக்கு உங்களுக்கும் ஒரு ரயர் போனால், பாதி தேய்ந்த செற்றோடு புதியது ஒன்றைச் சேர்க்க முடியாது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

நெடுஞ்சாலையில் 100இல் ஹூம் என்ற இரைச்சல் வந்து, மெல்ல இடம் வலம் ஆட்டும்போது கூடிக் குறைந்தால் சில்லு பெயரிங். றேடியோவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பிறகு காரைக் கட்டாயம் தூக்கிப் பார்க்கவேண்டும். 150 முதல் 250 டொலர் வாங்கும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத கராஜ் ஒன்றில். பார்க்கச் சொல்லவேண்டியவை: பின் சப்ஃபிரேம் (பின்சில்லுகளின் பாகங்களைத் தாங்கும் சட்டம்), பின்சில்லுக்குப் போகும் கைகள், பிரேக் குழாய்கள் இவற்றில் துரு, எஞ்சினின் முன் மூடி, காம் மூடிகள் ஓரம் ஒயில் கசிவு, முன் அச்சின் உள்பக்க றப்பர் பூட், குறிப்பாக வினையூக்கி மாற்றியின் சூடு படும் பக்கம். மேலே படிந்த மண்ணிறத் துரு எல்லாக் காரிலும் உண்டு, அதற்குப் பயப்படவேண்டாம். சுத்தியலால் தட்டினால் செதிளாக உதிருமானால் அது வேறு கதை.

2020க்குப் பிந்திய கார்களில் மேலும் இரண்டு. ஒன்று, முன்கண்ணாடி. சின்னக் கல்லுக்கும் கோடு விட்டு வெடிக்கிறது என்ற முறைப்பாட்டில் கொம்பனிமேல் வழக்கு நடந்து சமரசமானது. கண்ணாடி மாற்றினால் அதன் பின்னால் இருக்கும், முன்னால் தடை வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் ஐசைற் அமைப்பின் கமராக்களை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்யவேண்டும், செலவு ஆயிரத்தைத் தாண்டும். காப்புறுதியில் கண்ணாடிக்கு எவ்வளவு கைக்காசு என்று பொலிசி எடுக்கும்போதே பாருங்கள். மற்றது, குளிரூட்டி நீரைத் திருப்பிவிடும் வால்வ் பழுதாவது. எஞ்சின் விளக்கு எரியும், விசிறிகள் முழு வேகத்தில் ஓடும். சுபாருவில் எஞ்சின் விளக்கு ஒன்று எரிந்தால் ஐசைற், சறுக்கல் கட்டுப்பாடு, குறூஸ் எல்லாம் சேர்ந்து கிறிஸ்மஸ் மரம்போல் மின்னும். ஓட்டுபவர் நாலு பாகம் பழுது என்று பயப்படுவார், பழுது ஒன்றாகத்தான் இருக்கும்.

2015 முதல் 2020 வரையானவற்றில் நின்ற காரின் பற்றரி வடிந்துபோகும் பிரச்சினைக்கும் வழக்கும் சமரசமும் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என்று டீலரிடம் வின் இலக்கத்தால் கேட்கலாம். பற்றரி பழையதென்றால் குளிரில் ஸ்ரார்ட் பண்ணும் வலு கூடியதாக மாற்றுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் ஐந்து நிமிட ஓட்டம் மட்டும் ஓடும் கார், ஜனவரியில் பற்றரியை நிரப்பவே நிரப்பாது.

காகித வேலை. தனியாரிடம் வாங்கினால் சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்குக் கிடைக்கும் பாவித்த வாகனத் தகவல் பொதியை விற்பவர் தரவேண்டும். காரின்மேல் கடன் இருக்கிறதா என்பது அதில் தெரியும். காரின் வரலாற்றைச் சொல்லும் கார்ஃபக்ஸ் அறிக்கையில் விபத்துத் தொகையை மட்டும் பார்க்காமல், கார் எந்த மாகாணத்தில் இருந்தது, சர்வீஸ் எத்தனை மாத இடைவெளியில் பதிவாகியிருக்கிறது என்பதையும் வாசியுங்கள். வரி 13 வீதம். தனியார் விற்பனையில் நீங்கள் கொடுத்த விலை அல்லது றெட் புக் என்ற கார் விலைப் பட்டியலில் உள்ள மொத்த வியாபார விலை, எது கூடவோ அதற்கு. 'பில்லைக் குறைத்து எழுதித் தாறேன்' என்று யாராவது சொன்னால் அதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும், அது கார் நல்லது என்பதற்கு உத்தரவாதமும் அல்ல. டீலரிடமென்றால் விளம்பர விலையில் வரியும் பதிவுக் கட்டணமும் தவிர எல்லாம் அடங்கியிருக்கவேண்டும். கையெழுத்து வைத்தபின் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் ஒன்ராறியோவில் கிடையாது. கையெழுத்துக்கு முன்பே வின் இலக்கத்தைக் காப்புறுதி முகவரிடம் கொடுத்து விலை கேளுங்கள். உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு வருடத்துக்கு ஐந்நூறு டொலர் ஏறினால், ஐந்து வருடத்தில் அது இன்னொரு இரண்டாயிரத்து ஐந்நூறு.

வாகனத் தரிப்பிடத்தையும் அளந்துவிடுங்கள். ஃபிட் 4.1 மீற்றர், 2020 அவுட்பேக் 4.86 மீற்றர் நீளம், கண்ணாடி சேர்க்காமல் 1.85 மீற்றர் அகலம். ரவுண்ஹவுஸ் கராஜில் உள்படியும் குப்பைத் தொட்டிகளும் இருந்தால் பின்கதவு திறக்க இடம் இருக்காது.

வாங்கியபின், முந்தைய பதிவு இல்லாத எல்லா ஒயிலையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 சிந்தெற்றிக், 2018, 2019 காரில் 4.8 லீற்றர், 2020இலிருந்து வந்ததில் 4.2. முன், பின் டிஃபரென்ஷலுக்கு 75டபிள்யூ-90; பின்னுக்கு 0.8 லீற்றர், முன்னுக்கு 1.3 அளவில். சிவிரிக்கு ஆயுள் முழுக்க ஒயில் மாற்றவே தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். 100,000 கிலோமீற்றரைத் தாண்டாமல் மாற்றுங்கள், சுபாருவுக்குரிய திரவம் மட்டும், நிரப்பும்போது திரவத்தின் வெப்பநிலை பார்த்து அளவு வைக்கத் தெரிந்தவரிடம். கடையில் 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று விற்பதை ஊற்றவிட வேண்டாம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், உப்புப் போடத் தொடங்குமுன், அடிப்பாகத்துக்குத் துரு எதிர்ப்பு எண்ணெய் அடியுங்கள். சொட்டும் வகை நல்லது. இரண்டு நாள் டிரைவ்வேயில் கறை விழும், அதைச் சகிக்கவேண்டும். கறுப்பாக இறுகும் பூச்சு விரிசல் விட்டால் உப்புத்தண்ணி உள்ளே நின்று அரிக்கும்.

கடைசியாக, வழியில் நின்றுபோய் இழுவைவண்டி கூப்பிட்டால், போனிலேயே ஓல்-வீல் கார் என்று சொல்லி நாலு சில்லும் மேலே ஏறும் தட்டையான வண்டியைக் கேளுங்கள். முன்சில்லை மட்டும் தூக்கிக் கொழுவ வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். பின்சில்லு உருளும்போது அந்த கிளச்சும் கியர்ப்பெட்டியும் சேர்ந்து போய்விடும், அந்தச் செலவை அவர் கட்டப்போவதில்லை.